கவிழ்த்தே வைத்திருந்த படகு

குற்றாலத்தில் அருவி உண்டு, சாரல் உண்டு, கையில் இருப்பதைப் பிடுங்கிக்கொண்டு ஓடும் குரங்கு உண்டு. கடல் கிடையாது. ஐந்தருவிக்குப் போகிற சாலையில் இருக்கும் என் லாட்ஜ் வாசலில் அந்த லாரி வந்து நின்ற அன்று, இதைத்தான் நான் தெருவே திரும்பிப் பார்க்கும்படி சொன்னேன். கொச்சித் துறைமுகத்திலிருந்து கிளம்பி, ஆரியங்காவு தாண்டி, புளியரை வளைவுகளில் இறங்கி வந்த லாரி. தார்ப்பாயை விலக்கிப் பார்த்தால் உள்ளே படகு. முழுப் படகுகூட இல்லை. ஓட்டுகிறவர்கள் உட்காரும் அறையோடு சேர்த்து ஒரு துண்டை மட்டும் ரம்பத்தால் அறுத்து எடுத்து வந்திருந்தார்கள். விலாசம் தப்பு என்று டிரைவரை நான் விரட்டிக்கொண்டிருந்தபோது, பின்னாலேயே வந்த ஆட்டோவிலிருந்து அவர் இறங்கினார்.

அவரை நான் பாய் என்றுதான் கூப்பிடுவேன். என் வீட்டுக்காரரும் அவரும் அரபுநாட்டுத் துறைமுகம் ஒன்றில் சேர்ந்து வேலை பார்த்தவர்கள். பிறகு பாய் மட்டும், கடலில் ரேஸ் படகு விடுகிற ஒரு கம்பெனிக்குப் போய்விட்டார். ஊர் திரும்பும்போது சாமான் வைக்க இடம் தருகிறேன் என்று என் வீட்டுக்காரர் அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். வாக்குக் கொடுத்தவர் போய்ச் சேர்ந்துவிட்டார். வாக்கு என் தலையில் விழுந்தது. சாமான் என்றால் நாலைந்து அட்டைப்பெட்டி, ஒரு டிவி என்றுதான் நான் நினைத்திருந்தேன். பாய்க்கு வீடு தென்காசியில். அந்தச் சந்துக்குள் எதிரெதிரே இரண்டு சைக்கிள் வந்தால் ஒருவர் இறங்கித்தான் நிற்க வேண்டும். அங்கே எங்கே படகை வைப்பது?

கிரேன் வந்து, கார் நிறுத்தும் இடத்தின் மூலையில் படகை இறக்கியது. ஒழுங்காக, அடிப்பாகம் தரையில் படும்படிதான் வைத்தார்கள். பாய் முடியாது என்றுவிட்டார். கவிழ்த்து வைக்க வேண்டுமாம். கிரேன்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அது அப்படித்தான் கெடந்துச்சு" என்றார் பாய். அதற்கு மேல் விளக்கம் இல்லை. மறுபடி தூக்கி, புரட்டி, குப்புறக் கிடத்திவிட்டுக் கிரேன் போனது. குடும்பத்தோடு குளிக்க வருகிற ஜனம் என் வாசலில் முதலில் பார்க்கப் போவது ஒரு கவிழ்ந்த படகு. விளங்குமா என் லாட்ஜ்?

பழகப் பழகத் தெரிந்தது, அந்த மனிதரின் குணமே அதுதான். ஒன்று நடந்தால் அது நடந்தபடியே இருக்க வேண்டும். துடைக்கக் கூடாது, நிமிர்த்தக் கூடாது, நல்லவிதமாக மாற்றிச் சொல்லவும் கூடாது. லாட்ஜின் பின்பக்கம் ஓர் அறையைத் திறந்துவிட்டிருந்தேன். பந்தயச் சாமான் எல்லாம் அங்கே இருந்தது. இறகு ஒடிந்த புரொப்பல்லர், ஹெல்மெட்டுகள், எண்ணெய்க் கறையோடு சட்டைகள், சாயம் போன கொடிகள், அடுக்கடுக்காக வீடியோ கேசட்டுகள். ஒரு ஜோடிக் கையுறையில் உப்பு பூத்துக் கிடந்தது. கழுவிக் காயப்போட்டால் என்ன என்று ஒருநாள் வாயைக் கொடுத்துவிட்டேன். "அதுல இருக்கது கடல்லா தங்கச்சி. கழுவிட்டா வெறும் கையுறைதான்" என்றார். காலையில் தென்காசியிலிருந்து பஸ்ஸில் வருவார். ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்ப்பார், தூசி தட்டுவார், இருந்த இடத்திலேயே வைப்பார். சாயங்காலம் போய்விடுவார்.

யாராவது வந்து இது என்ன பந்தயம் என்று கேட்டுவிட்டால் போதும். கேரளாவில் பாட்டுப் பாடிக்கொண்டு துடுப்புப் போடுவார்களே, அதுவா என்று செங்கோட்டை ஆட்கள் கேட்பார்கள். அவருக்குக் கோபம் வராது. மேசையில் இருக்கிற இரண்டு டீ டம்ளர்களை ஒட்டி வைப்பார். இதுதான் படகு. கரையை விட்டு விலகி, நடுக்கடலில், அலைக்கு அலை தாவி ஓடும். உள்ளே இரண்டு பேர். ஒருவர் கையில் ஸ்டீயரிங், மற்றவர் கையில் வேகம். படகு அலையை விட்டு எழும்பும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும், தண்ணீரைத் தொடும்போது கூட்ட வேண்டும். என்ஜின் சத்தத்தைக் காதால் கேட்டே அதைச் செய்வாராம் அந்த இரண்டாமவர். ஒரு நொடி பிசகினால் அடியில் காற்றுப் புகுந்து படகை அப்படியே புரட்டிவிடும். இதைச் சொல்லும்போது டம்ளர் இரண்டையும் கவிழ்த்துக் காட்டுவார். டீ இருந்தாலும் கவிழ்ப்பார். துடைக்கிறது யார்? நான்தான்.

கடத்தல் சாமான் என்று யாரோ கொளுத்திப் போட்டுப் போலீஸும் ஒருமுறை வந்தது. வந்தவர் வீரகேரளம்புதூர்ப் பக்கத்துக்காரர். படகைச் சுற்றி வந்துவிட்டு, எந்தக் கடலில் ஓட்டப் போறீர் என்று பாயைக் கேட்டார். ஓடாது, இது ஏற்கனவே முங்கின படகு என்றார் பாய். ஜெயித்த படகு என்று சொல்லித் தொலைத்திருந்தால் கொஞ்சம் மரியாதையாவது கிடைத்திருக்கும். எனக்கு எரிச்சலாக வந்தது.

அவருடைய தங்கை மகள் கல்யாணத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பிரியாணியில் மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் கறி குறைந்துபோய் இரண்டு வீட்டு ஆட்களும் பந்தியிலேயே சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் சமாதானமாகி, எல்லாரும் மறந்தும் போனார்கள். வீடியோக்காரர் நல்ல மனிதர். அந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டார். பாய் ஸ்டூடியோவுக்கே போய் உட்கார்ந்து அதைத் திரும்பச் சேர்க்க வைத்துவிட்டார். சம்பந்தி வீட்டார் விருந்துக்கு வந்த அன்று டிவியில் போட்டார்கள். நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளையின் அப்பா கையை ஓங்குகிறார், பாயின் மச்சான் தட்டை எறிகிறார், பின்னணியில் நல்ல பாட்டு வேறு. ஒருவர் வாயிலும் சோறு இறங்கவில்லை. பாய் மட்டும் தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதையாவது சிரித்துவிட்டுப் போகலாம். அவருடைய தம்பி இறந்தபோது நடந்ததை என்னால் வெகுநாள் ஜீரணிக்க முடியவில்லை. துக்கம் கேட்கப் போயிருந்தேன். ஆஸ்பத்திரியில் அமைதியாக, இறைவன் பேரைச் சொல்லிக்கொண்டே கண்ணை மூடினார் என்று பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்படித்தானே எந்த வீட்டிலும் சொல்வோம். வாசல் பக்கம் நின்ற பாய் உள்ளே எட்டிப் பார்த்துச் சொன்னார்: அப்படி இல்லை, தண்ணீர் கேட்டான், டாக்டர் கூடாது என்றதால் நான் கொடுக்கவில்லை, என்னைத் திட்டிக்கொண்டேதான் போனான். தம்பி பெண்டாட்டி அதுவரை அழுது ஓய்ந்திருந்தவள், தரையில் விழுந்து புதிதாக அழ ஆரம்பித்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரைத் தெருமுனைவரை இழுத்துக்கொண்டு போய், நீர் மனுஷனா என்று கேட்டுவிட்டேன்.

"அவன் கடைசியாப் பேசின பேச்சு அது, தங்கச்சி. அதை அழிக்க நான் யாரு?" என்றார்.

இப்போது பாயும் இல்லை. அன்றைக்கு எனக்கு விளங்காத அந்தப் பதில் பிற்பாடு விளங்கியது. விளங்கியதால் மனசு லேசானது என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

அது விளங்கியது ஒரு சீசன் தொடங்குகிற சமயம். சாரல் விழ ஆரம்பித்து, ரோடெல்லாம் கார். எனக்கு ஒரு யோசனை வந்தது. படகைத்தான் நிமிர்த்த விடமாட்டேன் என்கிறார், அதன் அடிவயிற்றிலாவது லாட்ஜ் பேரைப் பெரிதாக எழுதிவிட்டால் என்ன? பாய் வர நேரமாகும் என்று கணக்குப் போட்டுக் காலையிலேயே பெயின்டரை வரவழைத்தேன். அவர் உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்துக்கொண்டே வந்தார். அடிப்பாகத்தின் நடுவில் ஒரு சதுரக் கதவு. அதன் ஓரத்தில் பழுத்துப்போன ஒரு டேப். டேப்புக்கு அடியில் சிவப்பாக ஏதோ ஒரு வார், மடித்துச் செருகினபடி. பெயின்டர் பிளேடை எடுத்து டேப்பின் முனையைக் கிளப்பினார்.

பாய் அந்த நேரம் பார்த்து வாசல் கேட்டுக்குள் வந்தார். அந்த வயதில் ஒரு மனிதர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. பெயின்டரின் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கிய முறுக்கில் பிளேடு எங்கோ போய் விழுந்தது. "கைய எடுலே" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பிறகு டேப்பின் கிளம்பிய முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடியே, ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டார். பெயின்டரை டீ குடிக்க அனுப்பிவிட்டு, ஒரு டேப்புக்கா இந்தப் பாடு என்று கேட்டேன். அன்றைக்குத்தான் சொன்னார்.

அரபுநாட்டுக்குப் போகுமுன் அவர் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் லாரிக்குப் பாரம் கட்டுகிறவர். மூட்டைமேல் தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டி முடித்ததும், மிஞ்சுகிற நுனியைத் தொங்க விடக் கூடாது. தொங்கினால் வழியில் எவன் பைக்கிலாவது மாட்டி ஆளையே இழுத்துக்கொண்டு போகும். உள்ளே செருகிவிட வேண்டும். அதுதான் அந்தத் தொழிலின் முதல் பாடம். பிறகு எங்கே எந்த நுனி தொங்கினாலும் கை தானாகப் போய்ச் செருகிவிடும். அந்தக் கைக்காகத்தான் படகுக் கம்பெனி அவரைத் துறைமுகத்திலிருந்து கூப்பிட்டுக்கொண்டது. படகைக் கிரேனில் பூட்டவும் வண்டியில் ஏற்றிக் கட்டவும் அவரை விட்டால் ஆள் இல்லை என்பார்களாம்.

படகின் அடியில் இருக்கிற அந்தக் கதவு கவிழ்ந்தால் திறப்பதற்காக வைத்தது. கவிழ்ந்த படகில் அதுதான் மேலே வரும். காப்பாற்ற வருகிறவர்கள் வெளியே தொங்கும் சிவப்பு வாரைப் பிடித்து இழுத்தால் கதவு கையோடு வந்துவிடும். ஒரு பந்தயத்தன்று படகைக் கடலில் இறக்குமுன் பாய் அடிப்பாகத்தைத் துடைத்திருக்கிறார். வார் தொங்கியது. செருகிவிட்டார். அவ்வளவு வேகத்தில் செருகினது பிய்த்துக்கொண்டு வருமே என்று மேலே டேப்பும் ஒட்டிவிட்டார்.

"யாரும் செய்யச் சொல்லல. என் கை செஞ்சுது. நல்லாக் கட்டிட்டோம்னு சந்தோசமாக் கரையில நின்னேன்" என்றார்.

அன்று படகு கவிழ்ந்தது. ஸ்டீயரிங் பிடித்தவர் கண்ணாடி உடைந்த பக்கமாக வெளியே வந்துவிட்டார். வேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நார்வேக்காரர் உள்ளே மாட்டிக்கொண்டார். ஹெலிகாப்டரிலிருந்து குதித்தவர்கள் வாரைத் தேடினார்கள். அலையில், அவசரத்தில், டேப்புக்கு அடியில் இருந்தது அவர்கள் கண்ணில் படவில்லை. கிரேன் கொண்டுவந்து தூக்கித்தான் ஆளை எடுக்க முடிந்தது. விசாரித்தவர்கள், மோதிய வேகத்திலேயே உயிர் போய்விட்டது, கதவு இறுகிவிட்டது என்று முடித்துவிட்டார்கள். பாய் மேனேஜரிடம் போய் வாரைப் பற்றிச் சொன்னார். போனவர் திரும்பி வரப் போவதில்லை, நீ போய் வேலையைப் பார் என்றாராம் அவர். பின்னாளில் கம்பெனியை மூடி எல்லாவற்றையும் பழைய இரும்புக்குப் போடும்போது, கெஞ்சிக் கேட்டு இந்தத் துண்டை மட்டும் அறுத்து வாங்கிக்கொண்டார்.

"முங்கித் தேடினவன்ல ஒருத்தன் எங்கிட்டத் தனியாச் சொன்னான் தங்கச்சி. உள்ள இருந்து தட்டுற சத்தம் கேட்டுச்சாம்."

இத்தனை காலம் இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டா நான் கோலம் போட்டேன், வாடகை பேசினேன், சிரித்தேன்? கொஞ்சம் தெளிந்ததும் வழக்கம்போல எனக்குக் கோபம்தான் வந்தது. மதினிக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவர் மனைவியை நான் மதினி என்பேன். இல்லை என்று தலையசைத்தார். தங்கை வீட்டுச் சண்டையை விருந்தில் போட்டுக் காட்டத் தெரிகிறது, பெற்ற பிள்ளைகளிடமும் கட்டினவளிடமும் இதைச் சொல்லத் தெரியவில்லையா என்று கேட்டேன். சொல்லணும் என்றார் அவர். பெயின்டர் திரும்பி வந்தபோது, எழுத வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

அதற்கு அடுத்த வருஷம் யூடியூபில் ஊர் ஊராகக் காட்டுகிற ஒருவர் வந்தார். சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தியைப் படம் எடுத்துவிட்டு அப்படியே இங்கும் வந்தவர். கடலில்லாத ஊரில் ரேஸ் படகு என்று போட்டுவிட்டார். படகின் பக்கவாட்டில் இருந்த பந்தய எண் அதில் தெளிவாகத் தெரிந்தது. சில மாதத்தில் என் லாட்ஜ் எண்ணுக்கு ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. நார்வேயிலிருந்து ஒரு பெண். பழைய கடற்பந்தயங்களின் சரித்திரத்தைச் சேகரித்து மியூசியமாக வைக்கிறார்களாம். அந்த எண் போட்ட படகு தன் அப்பாவுடையது என்று எழுதியிருந்தாள். நேரில் வந்து பார்க்க வேண்டும், கொடுப்பீர்கள் என்றால் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று கேட்டிருந்தாள்.

நான் படித்துக் காட்டினேன். பாய் உடனே வரச் சொல்லு என்றார். அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிட்டது, என்ன செய்யப் போகிறார் என்று.

"படகைக் குடுத்து அனுப்புங்க பாய். அந்த வாரைப் பத்தி மூச்சு விடாதீங்க. அவ நிம்மதியா இருந்துட்டுப் போறா" என்றேன்.

"அவ சரித்திரம் எழுத வாரா. பொய்ய எழுதிட்டுப் போன்னு சொல்லச் சொல்லுதியா?"

"எழுதினா ஒங்க பேரும்லா சேந்து போகும்?"

"அது போகத்தான் வேணும். ரேஸ் புஸ்தகத்துல எல்லாம் ஓட்டினவன் பேருதான் இருக்கு. கட்டினவன் பேரு எங்கயும் இல்ல. இந்த ஒரு எடத்துல இருக்கணும்."

அந்த மனிதரோடு நான் வாதாடி ஜெயித்ததே இல்லை. அன்றும் ஜெயிக்கவில்லை.

அவள் திருவனந்தபுரத்தில் இறங்கிக் கார் பிடித்து வந்தாள். நல்ல உயரம், அங்கங்கே நரைத்த முடி, சிரித்தால் முகம் முழுக்கச் சிரிப்பு. பாயின் அறையைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். உப்புப் பூத்த கையுறையை யாரும் கழுவவில்லை என்று தெரிந்ததும் பாயின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். உலகத்தில் எங்குமே இப்படி ஒருவரும் காப்பாற்றி வைக்கவில்லை என்றாள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. டீ குடிக்கும்போது அவளாகவே சொன்னாள், அப்பா போனபோது தான் கைக்குழந்தை என்று. அவருக்கு ஒரு வலியும் தெரிந்திருக்காது, கண்ணிமைக்கும் நேரம்தான் என்று அம்மா சொல்லிச் சொல்லியே வளர்த்தாளாம். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா கடைசிவரை இருந்தாளாம். நான் பாயைப் பார்த்தேன். அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு வெளியே வந்தார்கள். படகை ஏன் கவிழ்த்து வைத்திருக்கிறீர்கள் என்று அவள் கேட்டாள்.

பாய் அரபுநாட்டில் கற்ற இங்கிலீஷில், துண்டு துண்டாகச் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. கதவைக் காட்டினார், டேப்பைக் காட்டினார், தன் வலது கையைத் தூக்கிக் காட்டினார். நான் செருகினேன், நான் ஒட்டினேன் என்றார். உங்கள் சரித்திரத்தில் என் பேரைப் போட்டு எழுத வேண்டும் என்றார். அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது சிரிப்பு முகத்திலிருந்து வடிந்ததை நான் கண்ணால் பார்த்தேன். வெகுநேரம் அந்தச் சிவப்பு வாரையே பார்த்தாள். அப்புறம், அப்போது அப்பா உயிரோடு இருந்தாரா என்று கேட்டாள்.

நான் குறுக்கே விழுந்தேன். "பாய், அல்லாவுக்காகச் சொல்லுதேன், அதை மட்டும் சொல்லாதீங்க."

"கேட்டுட்டாள்லா தங்கச்சி" என்றார் என்னைப் பார்த்து. பிறகு அவள் பக்கம் திரும்பித் தட்டிய சத்தத்தைச் சொன்னார்.

அவள் அழவில்லை, கத்தவில்லை. மெதுவாக மண்டிபோட்டு உட்கார்ந்து, விரல் முட்டியால் படகின் பக்கவாட்டில் தட்டினாள். ஒருமுறை நிறுத்தி, மறுபடி தட்டினாள். இப்படியா என்று கேட்டாள். பாய் என்ன சொல்வார்? நான் கேட்கவில்லை, முங்கினவன்தான் கேட்டான் என்றார். அவள் எழுந்து, என்னிடம் அறைச் சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று முழுக்க வெளியே வரவில்லை. தட்டிக் கூப்பிட எனக்கும் தைரியம் இல்லை. கதவைத் தட்டுவது என்றாலே அன்றைக்கு எனக்கு உடம்பு கூசியது.

மறுநாள் காலையில் வந்து லாரிக்கு ஏற்பாடு செய்யச் சொன்னாள். படகையும் அறையில் இருந்ததையும் எடுத்துக்கொள்கிறேன் என்றாள். கிரேன் வந்தது, பாரம் கட்ட ஆட்கள் வந்தார்கள். பாய் தூரத்தில் நின்றார், கயிற்றில் கை வைக்கவில்லை. காரில் ஏறுமுன் அவள் அவரிடம் வந்து முழுப் பெயரை எழுத்து எழுத்தாகக் கேட்டுத் தன் போனில் குறித்துக்கொண்டாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, சபிக்கவும் இல்லை. கார் போய்விட்டது. செய்யாதே என்று எத்தனை தடவை சொன்னேன், இப்போது திருப்தியா என்று பாயைக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

அதன் பிறகு அவருக்கு என் லாட்ஜில் வேலை இல்லை. வருவதை நிறுத்திவிட்டார். அடுத்த சீசனும் வந்து போனது. ஒருநாள் மத்தியானம் என் போனுக்கு ஒரு போட்டோ வந்தது. பெரிய கூடம், வெளிச்சமான விளக்குகள், நடுவில் அந்தப் படகு. கவிழ்த்தேதான் வைத்திருந்தார்கள். டேப்பும் வாரும் அப்படியே இருந்தன, மேலே ஒரு கண்ணாடி. பக்கத்துப் பலகையில் ஓட்டியவர் பெயர், இறந்தவர் பெயர். அதற்குக் கீழே பாயின் முழுப் பெயரும் தென்காசி என்று ஊரும். பெயருக்குக் கீழே இரண்டு வரி. மீட்பு வாரைச் செருகி ஒட்டியவர். இந்தப் படகைப் பாதுகாத்தவர். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அங்கே இருப்பது போதும்.

போனை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் தென்காசிக்குப் போனேன். பாய் மெலிந்து போயிருந்தார். மதினி எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் போனாள். நான் குரலைத் தாழ்த்திப் படித்துக் காட்டினேன். அவர் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"ரெண்டாவது வரிய எதுக்குப் போட்டா? நான் கேக்கல" என்றார்.

பிறகு தன் போனைத் தேடி எடுத்து, போட்டோவை அதற்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். குடும்பக் குரூப்பில் போடப் போவதாகவும், கீழே தமிழில் எழுதித் தரும்படியும் கேட்டார். மகன்கள், மருமகள்கள், சம்பந்திகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் இருக்கிற குரூப். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேண்டாம் பாய் என்றேன். அவர் போனை என் கையில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். என்ன செய்வேன்? எழுதினேன். ஆனால் படகைப் பாதுகாத்தவர் என்ற வரியை முதலில் எழுதி, மற்றதை அதற்குக் கீழே தள்ளிவிட்டேன். அவர் வாங்கிப் பார்த்தார். கண்ணாடி போடாமல் எழுத்து தெரிந்திருக்காது. விரலால் அழுத்தி அனுப்பிவிட்டார்.

அடுப்படியில் மதினியின் போன் சத்தம் கொடுத்தது. கையைத் துடைத்துக்கொண்டு, போனை முகத்துக்கு நேரே பிடித்தபடி வெளியே வந்தாள். முகமெல்லாம் மலர்ச்சி. எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்தாள்.

"ஏங்க, பாருங்க, வெளிநாட்டுல ஒங்க பேரப் போட்டிருக்காங்க. இந்தப் படகைப் பாதுகாத்தவர்னு போட்டிருக்கு."

பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை. பக்கத்தில் இருந்த நாற்காலியை மதினிக்காக இழுத்துப் போட்டார்.

"அது ரெண்டாவது. இங்கன வந்து உக்காரு. மொதல்ல உள்ளதைப் படி" என்றார்.